பித்தப்பைக் கல்லும் மூன்று பைகளும்

அன்புள்ள அக்கா,

அடுத்த வாரம் கோவையில் எனக்கு எடை குறைப்புக்கான ஸ்லீவ் ஆபரேஷன். மூன்று நாள் இருக்க வேண்டும் என்றார்கள். நைட்டி, துண்டு, சத்துமாவு, புரோட்டீன் பவுடர், ஃபிளாஸ்க், படிக்க நான்கு நாவல் என்று மூன்று பை நிரம்பிவிட்டது, இன்னும் எதையோ விட்ட மாதிரியே இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சிபேப் மெஷினையும் தூக்கிக்கொண்டு போகணுமா? துணைக்கு நாத்தனார் வருகிறார். கணவரைத் தவிர எல்லோரிடமும் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ர., பொள்ளாச்சி

அன்புள்ள ர.,

முதலில் மெஷினை எடுத்து வையுங்கள். துண்டை மறந்தால் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம், உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது. மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்பில் இருக்கிற ராத்திரியில்தான் அது ரொம்பத் தேவைப்படும், அதனால் மயக்க மருந்து டாக்டரிடம் அதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள்.

சத்துமாவு வீட்டிலேயே இருக்கட்டும், புரோட்டீன் பவுடரும்தான். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் முதலில் உள்ளே போவது சின்ன மருந்துக் கப்பில் தண்ணீர், அந்த 30 மில்லியைக் குடித்து முடிப்பதே பெரிய வேலை. எப்போது எதைக் குடிக்கலாம் என்று அங்கேயே சொல்வார்கள். உதடு மட்டும் காய்ந்து வெடிக்கும், அதற்கு ஒரு லிப் பாம் போதும்.

துணி விஷயம்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. என் தங்கைக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது நான்தான் துணைக்கு இருந்தேன். அவர்கள் கொடுத்த கவுன் முதுகில் சேரவே இல்லை, இன்னொரு கவுனைப் பின்பக்கமாக மாட்டி ஒப்பேற்றினார்கள். குண்டானவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் குண்டானவர்களுக்கு ஆகிற கவுன் இல்லை! பெரிய அளவு வேண்டும் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நைட்டி முன்பக்கம் ஜிப் வைத்தது, தொளதொளவென்று இருக்கட்டும். உள்பாவாடை வேண்டாம், வயிற்றில் போடுகிற துளைகளின் மேலேயே போய் நாடா அழுத்தும்.

மூக்குத்தி போட்டிருக்கிறீர்களா? முந்தின நாளே தேங்காய் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருகைக் கழற்றிவிடுங்கள். வருஷக்கணக்காகக் கழற்றாத திருகைத் தியேட்டர் வாசலில் நர்ஸ் இழுக்க, ஆபரேஷனுக்கு முன்பே கண்ணீர் வந்துவிடும். மெட்டி, வளையல், நெயில் பாலிஷ் எல்லாம் அதே நாளில். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள், உலோகமே கூடாது என்பார்கள், வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

நாவல் ஒன்று போதும், அதையும் பிரிக்கப்போவதில்லை. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்துத்தான் லேப்ராஸ்கோப்பி என்கிற துளை ஆபரேஷனில் வேலை செய்கிறார்கள், அதனால் தோள்பட்டையில் ஒரு வலி வரும், வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். நர்ஸ் சொன்னதும் எழுந்து வராந்தாவில் நடக்க வேண்டும். குனியாமல் மாட்டிக்கொள்கிற, வழுக்காத செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே வைக்க ஒரு சின்னத் தலையணை காரிலேயே கிடக்கட்டும்.

மீதிப் பை நாத்தனாருக்கு. ஏசிக்கு ஒரு போர்வை, நீள வயர் வைத்த சார்ஜர், ஃபிளாஸ்க், மாற்றுத்துணி. அப்புறம் ஃபைல். இன்சூரன்ஸில் போவதாக இருந்தால் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேலேயே வையுங்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 40 இருந்தால் சரி, 35க்கு மேல் என்றால் தூக்கத்தில் கடுமையாக மூச்சு தடைபடுவது, கட்டுக்கு வராத சர்க்கரை மாதிரி ஏதாவது கூட இருப்பதைக் காட்டச் சொல்வார்கள்.

அந்த ஃபைலைக் கவுண்டரில் நீட்டப் போகிறவரே நாத்தனார்தான் என்பதை யோசித்தீர்களா? டயட்டீஷியன் பேசும்போது பக்கத்தில் நிற்கப் போவதும் அவர்தான். ஊருக்குப் பித்தப்பைக் கல்லாகவே இருக்கட்டும், யாருக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல் ஆபரேஷன் என்று நினைக்கிற நாத்தனார் மறுநாள் காலையில் பாசத்தோடு இரண்டு இட்லியைக் குழைத்து ஊட்ட வருவார். இவருக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லிவிடுங்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்களை அவரே வாசலில் பார்த்துக்கொள்வார். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். காரில் வேண்டாம், டிரைவரும் பொள்ளாச்சிக்காரராகத்தானே இருப்பார்.