குத்தகை கேட்காமல் நிலம் வாங்குவோமா? டெக் பங்குகள்: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, டெக் பங்குகள், அதாவது தொழில்நுட்பக் கம்பெனிகளின் பங்குகள், ஏறிக்கொண்டே போகின்றன. இந்த விலை நியாயம்தானா என்று எப்படிப் பார்ப்பது?

தம்பி, நம் பக்கம் ஒரு மா நிலம் விலைக்கு வந்தால் முதலில் என்ன கேட்போம்? குத்தகை எத்தனை மூட்டை என்றுதானே. பங்குக்கும் அதே கேள்விதான். விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்துப் பாருங்கள். விலை 1,500 ரூபாய், லாபம் 50 ரூபாய் என்றால் 30 மடங்கு. இதைத்தான் பி.இ. என்கிறார்கள். திருப்பிப் போட்டு லாபத்தை விலையால் வகுத்தால் நூறு ரூபாய்க்கு மூன்றே கால் ரூபாய் சொச்சம். போஸ்ட் ஆபீஸ் வட்டி இதைவிட அதிகம். அந்தக் குறையை வளர்ச்சிதான் ஈடுகட்ட வேண்டும். லாபம் வருடம் 20 சதவீதம் வளர்ந்தால் 5 வருடத்தில் 50 ரூபாய் சுமார் 124 ஆகும். இன்றைய விலை அப்போது 12 மடங்குதான். 10 சதவீதமே வளர்ந்தால் 80 ரூபாய், கிட்டத்தட்ட 19 மடங்கு. இதில் எது நடக்கும் என்று நம்புகிறீர்கள்? விலை நியாயமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பாபநாசம், ஓய்வுபெற்ற ஆசிரியை: நல்ல கம்பெனியை எந்த விலைக்கும் வாங்கலாம் என்கிறான் என் மகன்.

வேண்டாம் அம்மா. மைக்ரோசாஃப்ட் நல்ல கம்பெனி இல்லை என்று யார் சொல்வார்கள்? பின்னால் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்ததையும் கணக்கில் சேர்த்தால், 1999 டிசம்பரில் அந்தப் பங்கு கிட்டத்தட்ட 60 டாலரைத் தொட்டது. 2014க்குள் லாபம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியும், பங்கு பழைய உச்சத்தைத் தாண்ட 2016 ஆகிவிட்டது. டெக் கம்பெனிகள் நிறைந்த அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கின் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048. 2002 அக்டோபரில் 1,114. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் 15 வருடம் காத்திருந்தார்கள். உங்கள் ஓய்வூதியப் பணத்தை அப்படிக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

திருவாரூர்: லாபக் கணக்கை அப்படியே நம்பலாமா?

ஆண்டறிக்கையில் பணப்புழக்கப் பக்கத்தைப் புரட்டுங்கள். லாபம் எழுதியிருந்தும் வியாபாரத்திலிருந்து ரொக்கம் வரவில்லை என்றால் நெல் இன்னும் களத்தில்தான் கிடக்கிறது. கட்டடம் விற்ற பணம் அந்த வருட லாபத்தில் சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

கும்பகோணம்: குறுவை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. மொத்தமாக டெக் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?

சம்பா உழவு, நாற்று, உரச் செலவை முதலில் ஒதுக்குங்கள். ஒரு போகம் பொய்த்தாலும் வீடு நடக்க வேண்டிய பணத்தையும் தொடாதீர்கள். அப்புறம் மிஞ்சுவதை மாதாமாதம் பிரித்துப் போடுங்கள்.

அதே ஊர்: நகையை வைத்து வாங்கினால்?

கூடாது. பங்கு இறங்கினாலும் அடகுக்கடை வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.