சேவை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அக்கா,

நான் அங்கன்வாடிப் பணியாளர். பி.எஸ்சி. மனையியலும் முன்பருவக் கல்வியில் டிப்ளமோவும் முடித்திருக்கிறேன். முறையான காலமுறை ஊதியம் கேட்டு எங்கள் வட்டாரத்தில் மனு கொடுக்கப் போகிறோம். எழுதியது நான்தான், இணைத்திருக்கிறேன். நடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா? பேசாமல் பி.எட். படித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா என்றும் யோசனை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எதற்கு இவ்வளவு படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள். நாங்கள் சம்பளத்துக்காகச் செய்யவில்லை, சேவையாகத்தான் செய்கிறோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ம.

அன்புள்ள ம.,

மனுவைப் படித்தேன். நடைக்கு ஒரு குறையும் இல்லை. பி.எட். விஷயம் உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘சம்பளத்துக்காகச் செய்யவில்லை’ என்று கடிதத்திலும் எழுதி, மனுவின் முதல் பத்தியிலும் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. யார் கேட்டார்கள் அதை உங்களிடம்? தாலுகா ஆபீஸ் கிளார்க் ஊதிய உயர்வுக்கு மனு கொடுத்தால் இப்படியா ஆரம்பிப்பார்? எதிராளி சொல்ல வேண்டிய வாதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே உங்களை ஊழியர் என்று வைக்கவில்லை. ஊர்ப் பெண் ஒருத்தி தொண்டாக வந்து சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டார்கள். மற்ற எல்லா வினையும் அங்கிருந்து வந்ததுதான். அங்கன்வாடி வேலை அரசுப் பதவி ஆகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2018இல் மத்திய அரசு 3,000 ரூபாய் மதிப்பூதியத்தை, அதாவது சம்பளம் என்று பெயர் வைக்காமல் தரும் தொகையை, 4,500 ஆக்கியது, மாநிலங்கள் அதற்கு மேல் போட்டுத் தருகின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று தனியாக ஒரு ஊதிய விகிதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், எவ்வளவு கூட்டினாலும் உங்களை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது மாறாத வரைக்கும் அது அவர்கள் இஷ்டப்பட்டுக் கொடுப்பதாகத்தான் இருக்கும்.

என் சித்தி பால்வாடி டீச்சர். ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், அரசாங்கக் காகிதத்தில் மட்டும் அவள் டீச்சர் இல்லை. லீவுக்குப் போனால் நான் அவள் மையத்திலேயேதான் கிடப்பேன். அங்கே மூன்று வயதுப் பையன் ஒருவன், கூப்பிட்டால் திரும்பமாட்டான். பிடிவாதம், நாலு போட்டால் சரியாகும் என்றார்கள் வீட்டில். சித்தி ஒன்றும் பேசவில்லை. அவன் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பின, அவனும்தான். அப்புறம் அவன் கண்ணில் படாமலே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள், தன் நிழல் அவன்மேல் விழாதபடி. மறுபடி தட்டினாள். இந்தத் தடவை அவன் திரும்பவில்லை. அன்றைக்கே அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் பாட்டிக்கு அவன்மேல் இல்லாத பாசமா? முதல் தடவை அவன் சத்தம் கேட்டுத் திரும்பவில்லை, நிழலைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறான் என்று கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும், ம. எதற்குப் படிப்பு என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான். நம் நாட்டில் பிள்ளையின் வயது குறையக் குறையச் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளமும் குறைகிறது. கல்லூரியில் ஒன்று, மேல்நிலையில் அதைவிடக் கம்மி, ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் கம்மி, மூன்று வயதுக்கு வந்தால் மதிப்பூதியம். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே எழுதிவைத்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு வருட டிப்ளமோ என்றும் அதில் இருக்கிறது. நல்லது, படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்தவளை எந்த ஊதிய நிலையில் வைப்பீர்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டாமா?

2019 தொடக்கத்தில் இங்கே 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே அறை, அதே பிள்ளைகள், ஒருவருக்கு ஆசிரியர் சம்பளம், இன்னொருவருக்கு உங்கள் சம்பளம். அந்த ஆசிரியர்களும் இது பதவி இறக்கம் என்று போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன மரியாதை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மனுவுக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டம், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிராஜுவிட்டி தரச் சொல்லும் சட்டம், பொருந்தும் என்றது. நீங்கள் வாங்கும் மதிப்பூதியம் அந்தச் சட்டப்படி ஊதியம்தான் என்றது, இதைப் பகுதி நேர வேலை என்று சொல்வதை ஏற்க முடியாது என்றும் சொன்னது. இவ்வளவு பெரிய தீர்ப்பைப் பற்றி உங்கள் மனுவில் ஒரு வரி இல்லை! சேவையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியை அடித்துவிட்டு அங்கே தீர்ப்பை வையுங்கள். அதற்கும் முன்னால், கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரின் படிப்பையும் பணியில் சேர்ந்த தேதியையும் வரிசையாக எழுதுங்கள். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, போனில் விவரம் ஏற்றுவது, கர்ப்பிணி வீட்டுக்குப் போய்வருவது வரைக்கும் ஒரு நாள் வேலையை மணிக்கணக்கோடு போடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். திருத்தியதை எனக்கும் அனுப்புங்கள், இந்த வாரமே பார்த்துத் தருகிறேன்.