கவுன்சிலின் கணக்கில் வீட்டுக்காரர் நீங்கள்தான்

கேள்வி: லண்டன் மேனர் பார்க்கில் ஏழு வருடமாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள். வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மாதம் 2,300 பவுண்டு தவறாமல் கட்டுகிறேன். கூரை ஒழுகி, பின்னறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். மகள் இன்ஹேலர் இல்லாமல் தூங்குவதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் “பார்க்கலாம் தம்பி” என்கிறார். இப்போது ஸ்டேஷனில் லிஃப்ட் வந்துவிட்டது, எலிசபெத் லைன் ஓடுகிறது என்று சொல்லி 2,700 கேட்கிறார். வாடகையைச் சமாளிக்க, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மூன்று மாணவர்களுக்கு மாடியில் ஆளுக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு 550 பவுண்டு. அது அண்ணாவுக்கும் தெரியும். பூஞ்சணம் பற்றிக் கவுன்சிலில் புகார் செய்தேன். இரண்டு வாரத்தில் அதிகாரி வருகிறார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் யாருக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது. வாடகையை நிறுத்தலாமா? கட்டிய வாடகையை டிரிபியூனல் (வாடகை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) மூலம் திரும்ப வாங்கலாம் என்கிறார்களே, எனக்குக் கிடைக்குமா? தனியார் வாடகை வீடுகளின் தரத்தையும் ஸ்டேஷன் மேம்பாட்டையும் கவுன்சிலின் ஸ்க்ரூட்டினி கமிட்டி விசாரிக்கிறதாம். அங்கே போய்ப் பேசலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கூரை, பூஞ்சணம், அண்ணாவின் நன்றிகெட்டதனம், ஸ்டேஷன் எல்லாம் விரிவாக இருக்கின்றன. சட்டப்படி எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது நடுவில் வருகிற மூன்று வரிதான். மாணவர்கள் மூன்று பேரிடமும் வாடகை வாங்குவது நீங்கள்.

அந்த வீட்டில் ஆறு பேர் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பம் ஒன்று, ஒருவருக்கொருவர் உறவில்லாத மாணவர்கள் மூன்று பேர். ஆக, சட்டத்தின் கணக்கில் நான்கு குடும்பங்கள், ஒரே சமையலறை. இங்கிலாந்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ, இரண்டு குடும்பங்களோ அதற்கு மேலோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு எச்.எம்.ஓ. (பல குடும்பங்கள் பகிரும் வீடு) லைசன்ஸ் கட்டாயம். குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுவார்கள். 2018 அக்டோபர் முதல் வீடு எத்தனை மாடி என்ற கேள்விகூட இல்லை. உங்கள் மேனர் பார்க் இருக்கும் நியூஹாம் 2013-லேயே கிட்டத்தட்ட எல்லாத் தனியார் வாடகை வீட்டுக்கும் லைசன்ஸ் கேட்ட கவுன்சில். அங்கே இதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

“நானும் இதே வீட்டில்தானே இருக்கிறேன், இரண்டு மூன்று லாட்ஜர் (வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்குபவர்) வைத்துக்கொள்ளலாமே” என்று கேட்பீர்கள். அந்த விலக்கு இரண்டு லாட்ஜர் வரைதான். அதுவும் வீட்டின் சொந்தக்காரருக்கு, அல்லது 21 வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் வைத்திருப்பவருக்கு மட்டும். மாத வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு அது கிடையாது. குடியிருப்பவர்களிடம் வாடகை வாங்குகிற குத்தகைக்காரரை 2004 வீட்டு வசதிச் சட்டம் ‘நிர்வகிப்பவர்’ என்கிறது. லைசன்ஸ் இல்லாத எச்.எம்.ஓ.வை நிர்வகிப்பது குற்றம். அண்ணாவுக்குத் தெரியும் என்பது அவர் உங்களை வெளியேற்ற வழக்குப் போட்டால் உதவலாம். கவுன்சில் முன்னால் அதற்கு மதிப்பில்லை. அவரும் மாட்டலாம், நீங்களும் மாட்டலாம். ஒருவர் மாட்டியதால் மற்றவர் தப்புவதில்லை.

சில விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆபத்து இவற்றில் இல்லை. ஸ்க்ரூட்டினி கமிட்டி கவுன்சிலின் கொள்கையையும் செயல்பாட்டையும் கேள்வி கேட்கும், பரிந்துரை செய்யும். ஒரு தனி வீட்டைப் பற்றி உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. பொதுக் கூட்டம், சொல்வதெல்லாம் பதிவாகும். உங்கள் வீட்டு நிலவரத்தை அங்கே போய்ப் பேசுவது, கவுன்சிலுக்கு நீங்களே வாக்குமூலம் கொடுப்பதுதான். இந்த விவகாரம் முடியும்வரை போகாதீர்கள். ஸ்டேஷன் விஷயம் இன்னும் தெளிவு. ரயிலும் லிஃப்டும் லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. தனியார் வாடகைக்கு உச்சவரம்பு வைக்க எந்தக் கவுன்சிலுக்கும் அதிகாரம் கிடையாது. 2,700 கேட்க வேண்டுமானால் அவர் வாடகை உயர்வுக்கான முறையான பிரிவு 13 நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், நீங்கள் டிரிபியூனலில் ஆட்சேபிக்கலாம். டிரிபியூனல் பார்ப்பது சந்தை வாடகை. 2022 நவம்பர் முதல் மேனர் பார்க்கிலிருந்து ரயில் மாறாமல் பாடிங்டன் போகலாம் என்பது அந்தச் சந்தையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, அதைக் கழிக்கச் சொல்ல முடியாது. ஒழுகும் கூரையைக் கழிக்கச் சொல்லலாம். 2026 மே 1-க்குப் பிறகு வந்த நோட்டீஸ் என்றால், அவர் கேட்டதைவிடக் கூடுதலாக டிரிபியூனல் வைக்கவும் முடியாது.

வாடகையை நிறுத்தாதீர்கள். பூஞ்சணம் இருக்கிறது என்பதற்காக வாடகை தானாக ரத்தாவதில்லை. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் பிரிவு 21 நோட்டீஸ் ஒழிந்துவிட்டது, இனி நம்மை அசைக்க முடியாது என்று நம்பிப் பலர் நிறுத்துகிறார்கள். அந்த நோட்டீஸ்தான் ஒழிந்தது. மூன்று மாத வாடகை பாக்கி என்றால் நீதிமன்றம் வெளியேற்றியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்களுடைய மிகப் பெரிய பலம் ஏழு வருடம் தவறாமல் கட்டியதுதான். அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன்.

முதல் ஆபத்து அந்தக் கடிதம். கவுன்சில் கேட்டிருக்கும் தகவல் சட்டப்படி கேட்டது. பதில் தராமல் இருப்பது குற்றம், பொய்யான பதில் தருவதும் குற்றம். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். “சொந்தக்காரப் பையன்கள், சும்மா தங்கியிருக்கிறார்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். யாரோ பாதிச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: சித்தப்பா, மாமா பிள்ளைகள்கூட ஒரே குடும்பம் என்றுதான் சட்டம் எண்ணுகிறது. உண்மைதான். அதனால்தான் அதிகாரிகள் அந்தப் பதிலை எதிர்பார்த்தே வருகிறார்கள். மாணவர்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள். மாதம் 550 உங்கள் கணக்கில் விழுந்திருப்பது அவர்களுடைய வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கிறது. லைசன்ஸ் இல்லாததற்கு அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டியது, பொய் சொன்னதற்கான வழக்காக மாறும். வேலைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது அது எங்கே வந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவியோ மாணவர்களோ உங்களுக்காகப் பொய் சொன்னால் அவர்களையும் இழுத்துவிட்டதாகும்.

அதிகாரி வருகிற தேதிக்கு முன் மூவரையும் இரண்டு நாள் நண்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் இதே வகைதான். மூன்று கட்டில், மூன்று பூட்டு, மூன்று பேர் சாமான் ஒரு குடும்ப வீட்டில் இருக்காது. லைசன்ஸ் இல்லாத எச்.எம்.ஓ. என்று சந்தேகம் வந்தால் முன்னறிவிப்பு இல்லாமலேயே வர அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது, பூஞ்சணத்துக்கான நோட்டீஸ் யார் பெயரில் வரும் என்பது. ஒரே குடும்பம் வாழும் வீடாக இருந்தால் வீட்டுக்காரர் பெயரில் வரும். லைசன்ஸ் இல்லாத எச்.எம்.ஓ.வில் அதை நிர்வகிப்பவர் பெயரிலும் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த புகாருக்கு, கூரையைச் சரி செய் என்ற உத்தரவு உங்களுக்கே வரலாம். கூடவே புகை அலாரம், தீத்தடுப்புக் கதவு, ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டர் இருக்கிறதா என்பதெல்லாம் பார்ப்பார்கள். மாடியில் மூன்றாவது அறை சின்னப் பெட்டி அறையாக இருந்தால் இன்றைக்கே அளந்து பாருங்கள்.

மூன்றாவது, பணம். வழக்குக்குப் பதிலாகக் கவுன்சில் நேரடியாக அபராதம் போடலாம். அதன் உச்சவரம்பு 30,000 பவுண்டு என்றிருந்தது, இப்போது 40,000. அது தவிர, நீங்கள் அண்ணாவிடம் திரும்ப வாங்க நினைக்கிற வாடகை இருக்கிறதே, அதே சட்டத்தில் மாணவர்கள் உங்களிடம் கேட்கலாம். மூவரின் வருட வாடகை 19,800 பவுண்டு. 2023-இல் ராக்குசன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் இந்த உத்தரவை நேரடி வீட்டுக்காரர் மேல்தான் போட முடியும், மேலே இருக்கிற சொந்தக்காரர் மேல் முடியாது என்று சொன்னது. மாணவர்களுக்கு நேரடி வீட்டுக்காரர் நீங்கள். புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே முதல் மேலே இருப்பவரையும் சேர்த்துவிட்டது, உங்களை விடுவிக்கவில்லை. 12 மாத வாடகை என்ற உச்சவரம்பையும் 24 ஆக்கிவிட்டது. முழுத் தொகையும் எல்லா வழக்கிலும் வராது, கேஸ், கரண்டு பில்லை நீங்கள் கட்டியிருந்தால் கழிப்பார்கள். ஆனாலும் உங்கள் குடும்பம் தாங்குகிற தொகை இல்லை.

அண்ணா மேல் நீங்கள் போடும் விண்ணப்பம் எடுபடுமா? அவருக்கு லைசன்ஸ் இல்லையென்றால் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் டிரிபியூனல் வாடகைதாரரின் நடத்தையையும் பார்க்கும். வீடு எச்.எம்.ஓ. என்று நிரூபிக்க நீங்கள் தாக்கல் செய்யும் ஒவ்வொரு காகிதமும் உங்கள் மேல் அபராதம் போடக் கவுன்சிலுக்கு உதவும் காகிதம். அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

கேட்கக் கசப்பாக இருக்கும். மகளின் இருமலுக்காக ஓர் அப்பா செய்த புகார் இப்படித் திரும்புவது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ரோச்டேலில் பூஞ்சணத்தால் இறந்த குழந்தையின் பெயரில் வந்து, பூஞ்சணத்தைச் சரிசெய்யக் காலக்கெடு வைத்த அவாப் சட்டம் 2025 அக்டோபரில் கவுன்சில் வீடுகளுக்கும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கும்தான் வந்தது. தனியார் வீடுகளில் அந்தக் காலக்கெடுவைக் காட்டி அண்ணாவை நெருக்க முடியாது.

சமாதானமாகப் போங்கள். உங்களுக்கு இருக்கிற பயம் அண்ணாவுக்கும் இருக்க வேண்டும், ஏனென்றால் தெரிந்தே விட்டவர் அவர். முதலில் கவுன்சிலின் பொது லைசன்ஸ் பதிவேட்டில் அந்த வீடு இருக்கிறதா, யார் பெயரில், எத்தனை பேருக்கு என்று பாருங்கள். அப்புறம் ஒரு சொலிசிட்டர் மூலம் அவரோடு எழுத்தில் பேசுங்கள். கூரையும் சுவரும் இன்ன தேதிக்குள் சரியாக வேண்டும், வாடகை உயர்வு அதற்குப் பிறகு, அதுவும் 2,700 இல்லாமல் இடைப்பட்ட ஒரு தொகை, மாணவர்கள் இன்ன தேதிக்குள் போய்விடுவார்கள். இந்த மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் “சரி தம்பி” என்று வந்தால் போதாது.

அதே நாளில் கவுன்சிலுக்கு, இந்த வீட்டை எச்.எம்.ஓ. நிலையிலிருந்து மாற்றுகிறோம் என்று தற்காலிக விலக்கு நோட்டீஸ் கேட்டு விண்ணப்பியுங்கள். கவுன்சில் ஏற்றால் மூன்று மாதம் கிடைக்கும், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் இன்னும் ஒரு மூன்று மாதம் கேட்கலாம். இதைச் சாதாரணக் காகித வேலையாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். முறையாக விண்ணப்பித்த நாளிலிருந்து அந்தக் குற்றச்சாட்டுக்கு அதுவே தற்காப்பு. அதற்கு முந்தைய நாட்களை அது அழிக்காது, ஆனால் நாள் கூடுவது நிற்கும். மாணவர்களை வைத்துக்கொண்டே தொடர வேண்டுமானால் விலக்குக்குப் பதில் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அண்ணாவின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடக்காது. நடந்தாலும் தீத்தடுப்பு வேலைக்கே ஆகும் செலவைப் பார்த்தால் நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது மிக முக்கியம். பதற்றத்தில் பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது வேண்டவே வேண்டாம். அப்படி அனுப்பப்பட்ட பையன்கள்தான் நேராக டிரிபியூனலுக்குப் போகிறார்கள், கவுன்சிலே அவர்களுக்கு உதவுகிறது. எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், குறைந்தது ஒரு மாதம், பரீட்சை நேரமானால் கூடுதலாக. டெபாசிட்டை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள், கடைசி மாத வாடகையை விட்டுக்கொடுங்கள். முடிந்தால் இன்னும் கொஞ்சம் கொடுத்து, இத்தோடு முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். அந்த எழுத்து கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, மாணவர்களோடு உள்ள கணக்கை மட்டும் முடிக்கும். அவர்களும் அதைக் கையெழுத்திடுவதற்கு முன் தனியாக ஆலோசனை கேட்கட்டும், நீங்களே அதைச் சொல்லுங்கள். உங்களை நம்பி வந்த பிள்ளைகள் அவர்கள்.

அவர்களுடைய விசா நிலையை ஆன்லைன் ஷேர் கோடு மூலம் சரிபார்த்தீர்களா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். விசா முடிந்த ஒருவர் அதில் இருந்தால், முதல் தடவைக்கே ஒரு லாட்ஜருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் உங்கள் மேல்தான். வருமான வரியில் அறை வாடகைக்கு வருடம் 7,500 பவுண்டு வரைதான் விலக்கு. நீங்கள் வாங்கியது அதைவிட மிக அதிகம். அதை ஒரு கணக்காளரிடம் தனியாகக் காட்டுங்கள்.

கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன், அதிகாரி வருவதற்கு முன், வீட்டு வசதிச் சட்டம் பார்க்கும் சொலிசிட்டரைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம், அண்ணாவுக்குக் கூரை பற்றி அனுப்பிய எல்லா மெசேஜ், அவருக்கு மாணவர்கள் பற்றித் தெரியும் என்று காட்டும் எதுவானாலும், ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட், கவுன்சில் கடிதம், பூஞ்சணத்தின் படங்கள், டாக்டரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிரான சாட்சியமாகலாம் என்று எச்சரித்துப் பதிவு செய்யும் விசாரணைக்குக் கவுன்சில் அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். கடிதத்தில் கொடுத்த கெடு போதாதென்றால் கூடுதல் நாள் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆலோசனை பெறுகிறேன் என்று காரணம் சொன்னால் போதும்.