லேப்டாப் ஃபேன் கத்துது, சாஃப்ட்வேர் போட்டு குறைக்கலாமா?

வேலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஐ5-1135ஜி7 ப்ராசஸர், விண்டோஸ் 11, வாங்கி நாலு வருஷம் ஆச்சாம். ஓடுறது க்ரோம், எக்ஸெல், வீடியோ மீட்டிங் மட்டும்தான், ஆனா மதியம் ஆனா போதும் ஃபேன் கத்த ஆரம்பிச்சுடுது, கீபோர்டுக்கு மேல கை வைக்க முடியல, ப்ராசஸர் டெம்பரேச்சர் பாத்தா 92 டிகிரி காட்டுதாம். ஃபேன் வேகத்த குறைக்க ஒரு சாஃப்ட்வேர் சொல்லுங்கன்னு கேக்கறார்.

தம்பி, முதல்ல அந்த யோசனைய விட்டுடுங்க. லேப்டாப் ஃபேன உள்ள இருக்கற தனி கன்ட்ரோலர் சிப்தான் ஓட்டுது, டெஸ்க்டாப்புக்கு வந்த பழைய ஸ்பீட்ஃபேன் மாதிரி சாஃப்ட்வேருக்கு பெரும்பாலான லேப்டாப்ல அந்த ஃபேன் கண்ணுக்கே தெரியாது. அப்படியே தெரிஞ்சு குறைச்சாலும் சூடு எங்க போகும்? உங்க ப்ராசஸர் சிப்போட எல்லை 100 டிகிரி, அதை தொட்டா அதுவே தன் வேகத்த குறைச்சுக்கும், மெஷின் ஆமை மாதிரி ஆயிடும், சிப்புக்கு உடனே எதுவும் ஆகாது, ஆனா அந்த சூட்டுல பக்கத்துலயே கிடக்கற பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். ஃபேன் சும்மா கத்தல, சூடு உண்டாகுறத குறைச்சா அது தானா அடங்கிடும்.

92ங்கிற நம்பர பாத்து பயப்படாதீங்க. கொஞ்ச நேரம் எகிறி இறங்குனா அது சாதாரணம். சும்மா எக்ஸெல் திறந்து வச்சிருக்கும்போதே 90லயே நிக்குதுன்னா மட்டும் கவனிக்கணும். இன்னொன்னு, வெளிய எவ்ளோ சூடோ அதுக்கு மேலதான் உள்ள சூடு ஏறும். ஆப்பிள் தன் மேக்புக்குக்கு 10ல இருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துல பயன்படுத்துங்கன்னு போட்டிருக்கு, வேலூர் மே மாசம் 40ஐ தாண்டுது, அப்ப மதியம் மட்டும் கத்துதுன்னா பாதி காரணம் வெயில்தான்.

இப்ப கைய வச்சு ஒரு சோதனை பண்ணுங்க, இதுக்கு காசு வேணாம். ஃபேன் கத்தும்போது காத்து வெளிய வர்ற ஓட்டைகிட்ட உள்ளங்கைய வைங்க. காத்து வேகமா, நல்லா சூடா வந்தா கூலிங் சரியா இருக்கு, சிப்புக்குதான் வேலை ஜாஸ்தி. ஃபேன் சத்தம் பெருசு ஆனா காத்து சோகையா வருதுன்னா தூசி அடைச்சிருக்கு. காத்து நல்லா வருது ஆனா வெதுவெதுன்னுதான் இருக்கு, உள்ள 95 காட்டுதுன்னா சிப்புல இருந்து சூடு, அதை வெளிய கடத்துற உலோக தகட்டுக்கே வந்து சேரல, ரெண்டுக்கும் நடுவுல தடவியிருக்கற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை ஜாஸ்தின்னா எது சாப்பிடுதுன்னு பாக்கணும். கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல சிபியு (அதாவது ப்ராசஸர்)ங்கிற தலைப்ப க்ளிக் பண்ணுங்க, மேல வர்றதுதான் ஆள். க்ரோம்தான்னு தெரிஞ்சா, க்ரோமுக்குள்ள ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்துங்க, எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன்னு தனித்தனியா காட்டும், பல பேருக்கு இது தெரியறதே இல்ல. அப்படியே க்ரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பக்கத்துல கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, ஆஃப்ல இருந்தா வீடியோவ எல்லாம் சிபியுவே உக்காந்து பிரிக்கும். மீட்டிங்ல பின்னாடி சுவத்த மங்கலாக்குற பேக்ரவுண்ட் பிளர் இருக்கு பாருங்க, அது மீட்டிங் முடியற வரைக்கும் சிப்ப விடாம வேலை வாங்கும். அதை நிறுத்திட்டு ஒரு தடவை பாருங்க.

அடுத்தது டர்போ. உங்க சிப் தேவைன்னா 4.2 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பாயும், அப்படி பாயறதுக்கு வோல்டேஜும் சேந்து ஏறும், அதனால வேகம் ஏறுறத விட சூடு ரொம்ப ஜாஸ்தியா ஏறும். எக்ஸெலுக்கும் மெயிலுக்கும் இது தேவையே இல்ல. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் உள்ள ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்ல மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்னு இருக்கும், 100ஐ 99 ஆக்குங்க. ஒரே ஒரு நம்பர்தான், ஆனா டர்போ நின்னுடும், பத்து டிகிரிக்கு மேல இறங்குறத நான் பல மெஷின்ல பாத்திருக்கேன். சில லேப்டாப்ல இந்த ஆப்ஷன் மறைஞ்சிருக்கும், அப்ப செட்டிங்ஸ்ல பவர் மோட பெஸ்ட் பவர் எஃபிஷியன்சிக்கு மாத்துங்க.

கம்பெனி குடுத்த வழியும் இருக்கு. லெனோவோல நிறைய மாடலுக்கு எஃப்என், கியூ ரெண்டு கீயையும் சேத்து அழுத்தணும், ஆசுஸ்னா மைஆசுஸ் ஆப்ல விஸ்பர் மோட், டெல்லோட ஆப்ல கொயட்னு ஒரு மோட். இதெல்லாம் ஃபேன மட்டும் அமுக்காது, சிப்போட பவரையும் சேத்து குறைக்கும், அதனால நம்பி போடலாம். எச்பில சில மாடல்ல பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்) உள்ள ஃபேன் ஆல்வேஸ் ஆன்னு ஒன்னு இருக்கும், அது எனேபிள்ல இருந்தா சும்மா இருக்கும்போதும் ஃபேன் சுத்திட்டேதான் இருக்கும்.

தூசின்னா கடைக்கு போங்க. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல தூசி கம்பளி துணி மாதிரி படிஞ்சிருக்கும், வெளிய இருந்து ஊதுனா அது பெரும்பாலும் வராது, அடி மூடிய கழட்டணும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைய ஒரு குச்சியால புடிச்சுக்க சொல்லுங்க, இல்லன்னா காத்து வேகத்துல கன்னாபின்னான்னு சுத்தி பேரிங் போயிடும். வீட்டு வேக்குவம் க்ளீனர் வேணாம், அதுல உண்டாகுற ஸ்டாட்டிக் மின்சாரம் உள்ள இருக்கற பாகத்த கெடுத்துடும்னு பயம். மூடிய கழட்டுனா பேஸ்டையும் அப்பவே மாத்திடுங்க, நாலு வருஷம் ஆச்சுல்ல.

கூலிங் பேட் கடைசிதான். அடியில காத்து இழுக்கற ஓட்டை இருக்கற மாடல்னா கொஞ்சம் உதவும், இல்லன்னா வீண். மெத்தை மேல வைக்காம மேஜைல வச்சு, பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடிய முட்டு குடுத்தாலே காத்து நல்லா உள்ள போகும்.

பேட்டரிய மட்டும் மறக்காதீங்க. நாள் பூரா சார்ஜர்லயே இருக்கற மெஷின்னா கம்பெனி ஆப்ல சார்ஜ் 80 சதவீதத்தோட நிக்கற மாதிரி வச்சுடுங்க. டச்பேட் மேல தூக்கிட்டு வந்தாலோ, க்ளிக் பண்ணா அமுங்கலன்னாலோ, அடி மூடி பிதுங்குனாலோ பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம், அத நீங்களா அமுக்கவோ கழட்டவோ வேணாம், ஆஃப் பண்ணி, சார்ஜர உருவிட்டு, அன்னைக்கே சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க.