காரைக்குடிப் பக்கத்தில் மரக் கிளைடர் செய்து பறக்கவிட முடியுமா, ஃபோம் விமானம் வாங்குவது மேலா?

கேள்வி கேட்டவர் காரைக்குடியில் இருக்கிறார். ரேடியோ கருவியால் இயக்கும், மோட்டார் இல்லாத கிளைடர் ஒன்றை மரத்திலேயே செய்ய ஆசைப்படுகிறார். ஃபோமில் செய்த விமானத்தை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். கானாடுகாத்தான் பக்கத்தில் நாங்கள் நால்வர் ஆறு ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

பறக்கவிடுவது மட்டுமே நோக்கமென்றால் நண்பர்கள் சொல்வது சரிதான். ஃபோம் விமானம் கீழே விழுந்தால் ஒட்டி மறுநாளே எடுத்துவிடலாம். ஆனால் விமானம் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு மரம்தான் ஏற்றது. அதில் உள்ள ஒவ்வொரு கோணலும் நம் கையால் வந்தது. ஆகவே அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியும்.

இதற்கு உரிய மரம் பால்சா. பெரும்பாலும் ஈக்குவடாரிலிருந்து வருகிறது. தாவரக் குடும்பத்தில் நம் இலவமரத்துக்கு உறவு. தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ இருக்குமென்றால், நாங்கள் பொறுக்கி எடுக்கும் பால்சா 100 முதல் 150 கிலோவுக்குள் இருக்கும். எங்களில் ஒருவர் பரம்பரையாக நிலைக்கதவு செதுக்கும் ஆசாரி; பர்மாத் தேக்கில் பழகிய கை. முதன்முதலாக ஒரு பால்சாப் பலகையைக் கொடுத்தபோது, "இது மரமா தம்பி, காய்ந்த சுரைக்குடுக்கையா?" என்று கேட்டார். அடுத்த அரை மணி நேரத்தில், இழைப்புளியைத் தொடாமல் பிளேடும் உப்புத்தாளும் கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பதை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார்.

முதல் விமானத்துக்கு இரண்டு மீட்டர் இறக்கை போதும். பக்கவாட்டில் திருப்பும் வால் மடல் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல் எலிவேட்டர்; இவற்றை அசைக்க இரண்டே சர்வோக்கள் (ரேடியோ சொல்படி மடலை அசைக்கும் சிறு இயக்கிகள்) இருந்தால் போதுமானது. இறக்கை நடுவிலிருந்து நுனி நோக்கி மேலே வளைந்திருந்தால், ரட்டரைத் திருப்பிய மாத்திரத்தில் விமானம் தானே சாய்ந்து திரும்பும். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குள் முடித்துவிட வேண்டும்.

கவனம் முழுவதும் இறக்கையில் இருக்கட்டும். எங்கள் முதல் இறக்கையை ஒரு பழைய வீட்டின் பட்டாலையில், ஆத்தங்குடிக் கல் (கண்ணாடிமேல் கையால் வார்க்கும் தரை ஓடு) பதித்த தரையில் வைத்து ஒட்டினோம். முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த தரை மட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பியது எங்கள் அறியாமை. பிறகு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது, கல்லுக்குக் கல் நகக்கண் அளவு ஏற்ற இறக்கம் இருந்தது. கல்லின் மினுமினுப்பு அதை வார்க்கும் கண்ணாடியிலிருந்து வருகிறது. தரையின் மட்டமோ பதித்தவர் கையைப் பொறுத்தது. இப்போது தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை ரசமட்டம் பார்த்து மேசைமேல் வைத்து, அதன்மேல் குண்டூசி இறங்கும்படி மென்பலகையும், வரைபடமும், பசை ஒட்டாதிருக்கப் பிளாஸ்டிக் தாளும் விரித்துக்கொள்கிறோம்.

அந்த முதல் இறக்கையில் இன்னொரு தவறும் செய்தோம். இறக்கையின் நீளம் நெடுகப் போகும் மேல், கீழ்ச் சட்டங்களுக்கு (ஸ்பார்) இடையில், மரத்தின் இழை செங்குத்தாக நிற்கும்படி சிறு பால்சாத் துண்டுகளை அடைக்க வேண்டும். அவசரத்தில் அவற்றை ஒட்டுவதற்கு முன்பே குண்டூசிகளைப் பிடுங்கி இறக்கையை எடுத்துவிட்டோம். இஸ்திரிப்பெட்டியால், இறக்கையைப் போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்டிச் சுருக்கியபோது வலது நுனி முறுக்கிக்கொண்டது. முன்விளிம்பு உயர்ந்து பின்விளிம்பு தாழ்ந்தது. அது யாருடைய கண்ணிலும் படவில்லை. முதல் ஏற்றத்தில் வேகம் குறைந்த கணமே அந்த நுனி தாங்குதிறனை இழந்து, விமானம் வலப்பக்கம் சுழன்று சீமைக்கருவேலத்தில் போய்ச் சொருகியது. முள்ளோடு சேர்த்துப் பொறுக்கி எடுத்தோம்.

நுனிப் பின்விளிம்பு இரு பக்கமும் ஒரே அளவாக, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இறக்கையில் உடலோடு சேரும் பகுதி தாங்குதிறனை இழந்த பிறகும் நுனி தாங்கி நிற்கும். இதைச் சரிசெய்ய ஒருவர் இறக்கையைத் தேவைக்குச் சற்று அதிகமாக முறுக்கிப் பிடிக்க, மற்றவர் ஃபிலிமைச் சூடாக்கி, ஆறும்வரை இருவரும் அசையாமல் இருக்க வேண்டும். தனி ஆளாகச் செய்வது கடினம் என்பதால்தான், முதலில் ஒரு கூட்டாளியைத் தேடிக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எடைமையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அமைய வேண்டும்; அதற்குப் பின்னால் போனால் மூக்கில் ஈயக்குண்டு சேர்க்கலாம். கவண்போல இழுத்துவிட்டு மேலே ஏற்ற, 30 மீட்டர் ரப்பர் குழாயோடு 120 மீட்டர் நைலான் கயிற்றை முடிந்து பயன்படுத்துகிறோம். ரப்பரின் மறுமுனையை முளைக்குச்சியில் கட்டாதீர்கள். கடப்பாரையை எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்துக் கட்டுங்கள். அது பிடுங்கிக்கொண்டால் இழுத்துப் பிடித்து நிற்பவரை நோக்கித்தான் பாயும்.

பறக்கவிடும் இடத்துக்கு இங்கே குறைவில்லை. மாசி, பங்குனியில் வற்றிய கண்மாய்களும் வெறுஞ்செம்மண் பொட்டல்களும் காலை பத்து மணிக்கெல்லாம் சூடேறி வெப்பக்காற்றை மேலே அனுப்பத் தொடங்கிவிடும். நூறு மீட்டர் உயரத்தில் விட்ட விமானம் அசையாத காற்றில் மூன்று, நான்கு நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். அந்த ஏறுகாற்று அகப்பட்டால் இருபது நிமிடம்கூட நிற்கும். பிடரியில் பட்டுக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றாலோ திசை மாறினாலோ, அது போகும் பக்கத்தில் ஏறுகாற்று இருக்கிறது என்று பொருள். பருந்து இறகை அசைக்காமல் வட்டமிடும் இடத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆடியில் மட்டும் கருவியைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அம்மி பறக்கும் காற்றில் பால்சா என்ன ஆகும்?

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை; நம் கிளைடரும் அதில்தான் வரும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிதான் உச்சவரம்பு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்து வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் நாள் ரப்பர் வேண்டாம். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன், கண்மாய்ப் புல்லில் நின்று மூக்கைச் சற்றே தாழ்த்திக் கையால் தள்ளிவிடுங்கள். நேராக இருபதடி தவழ்ந்து புல்லில் படிந்தால், அன்றைக்கு அது போதும்.