டிவியின் சிவப்பு விளக்கும் மாப்பிள்ளையின் ஓணம் ஆஃபரும்

கேள்வி:

ஐயா, செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் இருக்கிறேன். பிரானூரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் 55 இன்ச் எல்இடி டிவி, செட்டாப் பாக்ஸ், பழைய ஹோம் தியேட்டர் இருக்கின்றன. யாரும் ஸ்விட்ச் போர்டில் அணைப்பதே இல்லை. ரிமோட்டை அழுத்திவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று சிவப்பு விளக்குகள் என்னையே பார்க்கின்றன. இதனால் தினமும் சண்டை. போன ரீடிங் 515 யூனிட். நேரம் குறித்துவைத்தால் தானாக அணைக்கும் ஸ்மார்ட் பிளக் நான்கு சேர்த்து 3,600 ரூபாய்க்கு வருகிறது. 'பவர் சேவர்' பெட்டி என்றும் ஒன்று சொல்கிறார்கள். வாங்கலாமா?

மற்ற விவரம்: பாங்கில் 80,000 ஃபிக்சட் டெபாசிட். கிரெடிட் கார்டில் பாக்கி 48,000. மினிமம் டியூ தவறாமல் கட்டிவிடுகிறேன். போன ஓணத்துக்குப் புனலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு என் கார்டில் டிவியும் ஹோம் தியேட்டரும் எடுத்துக் கொடுத்தேன். 18 தவணை, மாதம் 5,500. மாப்பிள்ளை மூன்று மாதம் அனுப்பினார். அப்புறம் ஆறு மாதமாக நான்தான் கட்டுகிறேன். இந்த ஓணத்துக்கு ஃப்ரிட்ஜ் மாற்ற வேண்டும் என்கிறார். ஸ்டாண்ட்பை (ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடுகிற கரண்ட்) விஷயத்தை விளக்கமாக எழுதுங்கள்.

பதில்:

விளக்கமாகவே எழுதுகிறேன். ஆனால் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பதற்றம் தந்தது சிவப்பு விளக்கு அல்ல, கடைசி நான்கைந்து வரிகள். முதலில் கேட்டதை முடித்துவிடுவோம்.

ஒரு வாட் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். இந்த ஒரு கணக்கு போதும். நீங்கள் அதிகம் முறைக்கிற டிவிதான் இதில் பரம சாது. 2013 முதல் ஐரோப்பாவில் ஸ்டாண்ட்பை அரை வாட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. இங்கே விற்கும் பெரிய கம்பெனி டிவிகளும் பெரும்பாலும் அந்த அளவில்தான் நிற்கின்றன. செட்டிங்கில் 'குவிக் ஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். அது டிவியை அரைத்தூக்கத்திலேயே வைத்திருக்கும்.

செட்டாப் பாக்ஸ் வேறு ஜாதி. காலையில் எழுந்ததும் அதன் முதுகில் கை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க யாரும் பார்க்காத பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு உங்கள் காசு. ரிமோட்டில் அணைத்தால் பல பெட்டிகளில் படம் மட்டும்தான் நிற்கும். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 வாட் என்று வையுங்கள். பழைய ஹோம் தியேட்டரும் அதன் சப்வூஃபரும் சேர்ந்து இன்னொரு 10. நீங்கள் டிவி பார்க்கிற ஐந்து மணி நேரத்தைக் கழித்துவிட்டால், சும்மா கிடக்கிற நேரத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரீடிங்குக்கு 23 யூனிட் வரும்.

என் கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் மீட்டரையே கேளுங்கள். ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த மூன்றை மட்டும் ஸ்டாண்ட்பையில் விட்டுவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். அதில் 3200 இம்ப் (ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல்) என்று போட்டிருந்தால், 20 வாட்டுக்குச் சிவப்புப் புள்ளி நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னும். அதைவிட வேகமாக மின்னினால் என் கணக்கைவிட உங்கள் செலவு கூடுதல்.

23 யூனிட் கேட்கச் சின்னதாக இருக்கும். உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் நீங்கள் நிற்பது 515-ல். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போவது மட்டுமில்லை. 101 முதல் 200 வரை பாதி விலையில் கிடைத்த சலுகையும் போய்விடும். அதிலேயே இருநூற்றுச் சொச்சம் ரூபாய். ஆக, 515 என்பது 492 ஆனால் பில்லில் ஏறக்குறைய 400 ரூபாய் குறையும். வீட்டில் சண்டை போட்டதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 300 யூனிட் ஓடுகிற வீட்டில் இதே வேலை நூறு ரூபாய்தான் தரும். (எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கணக்கே வேறு. அங்கே மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை.)

இதற்கு ஸ்மார்ட் பிளக் வேண்டாம். உங்கள் கைபேசியின் கட்டளைக்காக அது 24 மணி நேரமும் வைஃபையில் விழித்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு வாட் அளவு போகும். அரை வாட் டிவியை அடக்க ஒரு வாட் காவலாளி! ஸ்விட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று வாங்கி, பாக்ஸையும் ஹோம் தியேட்டரையும் அதில் சொருகி, கடைசியாகப் படுக்கப் போகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். காலையில் பாக்ஸ் சேனலைத் தேட இரண்டு நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான். பவர் சேவர் பெட்டி சுத்த ஏமாற்று. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். வீட்டு மீட்டர் அளக்கிற யூனிட்டை அது குறைக்காது.

ஐப்பசியில் உங்கள் மலையோரத்தில் மதியத்துக்கு மேல் இடி கிளம்பும்போது மட்டும் ஸ்விட்ச் போதாது. பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள், இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே.

சரி, இப்போது கார்டு.

ஸ்டாண்ட்பையில் உங்களுக்குப் போவது 60 நாளுக்கு 400 ரூபாய், நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. கார்டில் 48,000 பாக்கி. கார்டு வட்டி பொதுவாக மாதம் மூன்றரை சதவீதம். 1,680 ஆச்சு. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 300. மாதம் ஏறக்குறைய 2,000. நாளைக்கு 66 ரூபாய். இதற்காக நீங்கள் ஒரு ராத்திரிகூட எழுந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை!

"மினிமம் டியூ தவறாமல் கட்டிவிடுகிறேன்" என்று நல்ல பிள்ளையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் நோய். மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, பாங்க் போன் செய்யாது, அவ்வளவே. வட்டி நிற்காது. அதோடு, பழைய பாக்கியை முழுக்க அடைக்காதவரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்றைக்குக் கார்டைத் தேய்த்து ஒரு மூட்டை அரிசி வாங்கினால் இன்றைக்கே அதற்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளையின் தவணை 5,500 உங்கள் சம்பளத்தைத் தின்கிறது. அதனால் வீட்டுச் செலவு கார்டுக்குப் போகிறது. கார்டு அதை வட்டியோடு திருப்பித் தருகிறது. ஆறு மாதத்தில் 33,000 அவருக்காகக் கட்டியிருக்கிறீர்கள். 48,000 எங்கிருந்து வந்தது என்று இனி தேட வேண்டாம்.

கடையில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் பாங்க் 2013-லேயே பாங்குகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடியை வட்டியாக மாற்றி எழுதுவார்கள். பிராசசிங் ஃபீ தனி. ஓணம் வந்தால் புனலூர், கொல்லம் கடைகளில் இந்தப் போர்டைப் பார்க்காமல் நடக்க முடியாது.

செய்ய வேண்டியது: டெபாசிட்டை உடையுங்கள். அவசரத்துக்கு என்று வைத்ததை எப்படி உடைப்பது என்பீர்கள். இதுதான் அவசரம். ஆறு, ஏழு சதவீதம் தருகிற பணத்தை மூடிவைத்துக்கொண்டு 42 சதவீதத்துக்குக் கடனைச் சுமக்கிறீர்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம்போலப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். டெபாசிட்டின் மேல் கடன் வாங்கினால் வட்டி குறைவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு இன்னொரு கடன் வேண்டாம். 48,000-ஐ ஒரே தடவையில் கட்டி, மீதி 32,000-ஐ சேவிங்ஸில் விடுங்கள். இனி பாக்கித் தவணை ஒன்பது, 49,500. கார்டு லிமிட்டை அந்த அளவை ஒட்டிக் குறைக்கச் சொல்லி பாங்குக்கு எழுதிக் கொடுங்கள். மாப்பிள்ளையிடம் "என் கார்டில் இடமில்லை" என்று சொல்லும்போது அது பொய்யாக இருக்கக் கூடாது.

அவரிடம் பேசுவதைத் தங்கை மூலமாகச் செய்யாதீர்கள். "அண்ணன் பணம் கேட்கிறான்" என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் சுமந்துபோக வேண்டியவள் அவள் இல்லை. நேரில் போங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீதி ஒன்பது தவணையும் மாதம் 3-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். முழுசாக முடியாதென்றால் மாதம் 3,000. கட்டிய 33,000-ஐ இப்போது கேட்காதீர்கள். கேட்டால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். அது திரும்பி வரும் என்று நானும் நினைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் பேச்சை அவரே எடுப்பார், விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடியுங்கள். முந்தின நாள் வேலை முடிந்ததும் பிரானூர் பார்டரில் பரோட்டா பார்சலுக்குச் சொல்லிவிடுங்கள். 1956-லேயே கேரள எல்லை மேற்கே தள்ளிப் போய்விட்டது, பரோட்டாக் கடைக்காரர்கள்தான் இன்னும் 'பார்டர்' என்கிறார்கள். பையில் ஒன்பது மாத ஸ்டேட்மென்ட்டும் இருக்கட்டும். கார்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.