கே.ஏ. நம்பர் கார், ஓசூர் வீடு: வரி எந்த மாநிலத்துக்கு?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். 2021-ல் அங்கே வாடகை வீட்டில் இருந்தபோது 9 லட்ச ரூபாய்க்குப் புது கார் வாங்கினேன். கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்டி, கே.ஏ. 51 நம்பர் எடுத்தேன். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஓசூரில் சொந்த வீடு கட்டிக் குடிவந்துவிட்டேன். வேலைக்கு தினமும் காரில்தான் போய் வருகிறேன். போன வாரம் எல்லைப் பக்கம் நடந்த வாகனச் சோதனையில் ஓர் அதிகாரி, “ஓசூர் விலாசம், கர்நாடக வண்டியா? தமிழ்நாட்டு வரி கட்டாவிட்டால் வண்டியைப் பிடித்து வைப்போம்” என்றார். நண்பன் ஒருவன், “பாண்டிச்சேரி நம்பர் எடுத்துவிடு, வரி ரொம்பக் குறைவு” என்கிறான். இதற்கு நடுவில் சேலத்தில் இருக்கும் அப்பாவின் 2011 மாடல் காருக்கு இன்னும் மூன்று மாதத்தில் 15 வருடம் முடிகிறது. கர்நாடகத்தில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? ஒரே நாட்டில் ஒரே காருக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பதிவு வேறு, வரி வேறு. வண்டியைப் பதிவு செய்வது மத்தியச் சட்டம்: 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 46-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். வாகன வரியோ அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-வது இனம். அதனால் அது மாநிலங்களின் சொத்து. ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதை அவை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் கே.ஏ. நம்பர் கன்னியாகுமரி வரை செல்லும். நீங்கள் கட்டிய வரி கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியோடு நின்றுவிடும்.

வரி எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை உங்கள் காரையே வைத்துப் பார்க்கலாம். கர்நாடகத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 14 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ். 9 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 1,26,000 ரூபாய் வரி, 13,860 செஸ், ஆக 1,39,860. அதே காரை 2021-ல் ஓசூரில் பதிவு செய்திருந்தால் 10 சதவீதம், 90,000 ரூபாயோடு முடிந்திருக்கும். ஆனால் தமிழ்நாடு 2023 நவம்பரில் விகிதத்தை ஏற்றிவிட்டது. இப்போது புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். முன்பு எல்லை தாண்டி வந்து வண்டி எடுத்தவர்களுக்கு இருந்த லாபம் இப்போது பெரிதாக இல்லை.

இனி அந்த அதிகாரி சொன்னதற்கு வருவோம். சட்டத்தின் 47-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால், அங்கே புதிய பதிவு எண் கேட்டு உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆகவே இன்றைக்கு உங்கள் வண்டி பதிவில்லாத வண்டி ஆகிவிடாது. பதிவில்லாமல் ஓட்டியதற்கான 192-வது பிரிவின் அபராதமும் உங்களுக்குப் பொருந்தாது.

வரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். “12 மாதம் என்பது பதிவுக்குத்தான், எங்கள் வரிச் சட்டத்துக்கு அது கட்டுப்பாடு இல்லை” என்பதுதான் மாநிலங்களின் வழக்கமான வாதம். கர்நாடகமே 2014-ல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தால் ஆயுட்கால வரி என்று கொண்டுவந்தது. அப்போது பெங்களூருவில் டி.என்., கே.எல்., ஏ.பி. நம்பர் வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு உங்கள் அலுவலகத்தில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வழக்குப் போனது. அந்த 30 நாள் திருத்தத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 12 மாதத்துக்கு முன்பு ஆயுட்கால வரி கேட்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதே மத்தியச் சட்டத்துக்குச் சொன்ன விளக்கம் என்பதால் எடுத்து வைக்கத் தகுந்த துணை.

உங்களுக்குச் சாதகமானது இவ்வளவுதான். சாதகமில்லாததையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு வக்கீல் இல்லை.

ஒன்று, 49-வது பிரிவு. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில் உள்ள விலாசத்தை விட்டு நீங்கள் மாறினால் 30 நாளுக்குள் புது விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும். எட்டு மாதமாகத் தெரிவிக்கவில்லை. இது சின்னத் தவறுதான், சிறு தொகையோடு போய்விடும். ஆனால் சோதனையில் உங்களை மடக்க அந்த ஒரு பிடி போதும்.

இன்னொன்று கொஞ்சம் கனமானது. “தினமும் காலையில் கர்நாடகத்துக்குப் போய்விடுகிறேனே, அப்புறம் எப்படி வண்டி தமிழ்நாட்டில் 12 மாதம் இருந்ததாகும்?” என்று நீங்கள் கேட்கலாம், உங்கள் நிலையில் இருக்கும் பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் அந்த வாதம் நிற்காது. பதிவு எங்கே செய்வது என்று சொல்லும் 40-வது பிரிவு, உரிமையாளரின் வீடோ தொழில் இடமோ இருந்து, வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் இடத்தையே பார்க்கிறது. ராத்திரி வண்டி உறங்குவது ஓசூர் போர்டிகோவில். பகலில் அலுவலக பேஸ்மென்டில் ஒன்பது மணி நேரம் நிற்பதால் கணக்கு ஒவ்வொரு நாளும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காது. சொந்தத் தொழில் நடத்துபவராக இருந்து, வண்டி தொழில் இடத்திலேயே நின்றால் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. சம்பளக்காரருக்கு அது கடினம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 12 மாதம் ஆகவில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுவார்கள். உங்கள் விஷயத்தில் அதை நீட்டினால், தினமும் சாயங்காலம் நீங்கள் ஓசூர் திரும்புவதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அதற்குப் பதிலாக பெங்களூரு வாடகை ஒப்பந்தம் முடிந்த தேதி, வீடு காலி செய்ததற்கான கடிதம், ஓசூர் வீட்டின் மின் இணைப்பு தேதி ஆகியவற்றின் நகல்களை வண்டியில் வையுங்கள். குடிவந்த நாள் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மிச்சமிருக்கும் நான்கு மாதத்தை வாதத்தில் கழிக்காமல் வேலையில் கழியுங்கள். முதலில் வங்கி. கடன் இருப்பதால் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி வங்கிக் கடனுக்கு ஈடு என்ற குறிப்பு, ஆர்.சி.யில் ஏறியிருக்கும், வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது, அந்தக் கடிதத்துக்குத்தான் நாள் அதிகமாகும். இடையில் பெங்களூரு போக்குவரத்து அபராதம் ஏதாவது பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். பிறகு எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்தீர்களோ அங்கேயே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. கேட்க வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு அதில் ஒட்ட வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். வண்டி மேல் திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்று காவல் துறைப் பக்கமும் பார்ப்பார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதியை 48-வது பிரிவு தந்திருக்கிறது. விண்ணப்பம் கொடுத்த 30 நாளுக்குள் கொடுக்கவும் இல்லை, மறுத்து எழுத்தில் தெரிவிக்கவும் இல்லை என்றால், என்.ஓ.சி. கொடுத்ததாகவே சட்டம் கருதும். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும், மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியையும் வைத்தே புது மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் கவுன்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார். பிரிவு எண்ணைச் சொல்லி, எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்; பாதிப் பேர் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

என்.ஓ.சி. வந்ததும் ஓசூர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 27 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியைக் கட்டினால் டி.என். 70 நம்பர் கிடைக்கும். 13 சதவீதம் முழுவதும் கட்ட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். அது புது வண்டிக்கு. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயது ஏற ஏற விகிதம் குறையும் அட்டவணை தனியாக இருக்கிறது. ஆனால் அந்த விகிதத்தைப் போடுவது நீங்கள் வாங்கிய விலையின் மேல், இன்றைய சந்தை விலையின் மேல் அல்ல. வண்டி வாங்கியபோது தந்த இன்வாய்ஸைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

“இரண்டு முறை வரியா?” என்ற உங்கள் ஆதங்கத்துக்குச் சட்டம் தரும் பதில், கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்பது. 1957-ம் ஆண்டின் கர்நாடக மோட்டார் வாகன வரிச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதற்கு ஆதாரமாக புது ஆர்.சி. நகல், பழைய வரி ரசீது ஆகியவற்றோடு, முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் வரிசை முக்கியம். இங்கே கட்டுவது முதலில், அங்கே கேட்பது அப்புறம். இரண்டு கைக்கும் நடுவில் சில மாதம் உங்கள் பணம் இரட்டிப்பாக மாட்டிக்கொண்டிருக்கும், அது உண்மை. என்னிடம் வந்த பலர் புது நம்பர் கிடைத்த சந்தோஷத்தில் இந்தத் திரும்பப்பெறும் விண்ணப்பத்தைப் போடவே இல்லை. மீதிக் காலம் குறையக் குறையத் தொகையும் குறையும் என்பதால் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

பாண்டிச்சேரி யோசனைக்கு ஒரே சொல்: வேண்டாம். அங்கே வரி குறைவு என்பது ரகசியம் இல்லை. 2017-ல் கேரளத்தில் சினிமாப் பிரபலங்கள் சிலர் மீது, இல்லாத பாண்டிச்சேரி விலாசத்தில் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக வழக்குகள் வந்ததை நாடே பார்த்தது. நீங்கள் அங்கே உண்மையில் குடியிருந்து வண்டியை வைத்திருந்தால் தாராளமாக பி.ஒய். நம்பர் எடுக்கலாம். யாரோ ஒருவர் வீட்டு வாடகைச் சீட்டை வைத்து எடுத்தால், 55-வது பிரிவின்கீழ் பதிவையே ரத்து செய்யலாம். 2019 திருத்தத்தில் சேர்த்த 192பி பிரிவின்கீழ் பொய்யான ஆவணத்தில் பதிவு பெற்றவருக்குக் குறைந்தது 6 மாதம், ஒரு வருடம் வரை சிறை. கூடவே ஆயுட்கால வரியில் மூன்றில் இரண்டு பங்கு அபராதம். மிச்சம் பிடிக்கப் பார்த்த காசு அதிலேயே போய்விடும்.

“பி.எச்.” (பாரத்) வரிசை நம்பர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மாதிரி ஆளுக்குத்தான் அது வந்தது. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள அந்த முறையில், மத்திய, மாநில அரசு ஊழியர்கள் தவிர, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் எடுக்கலாம். 15 வருட வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருடமாகக் கட்டுவது, மாநிலம் மாறினால் நம்பர் மாற்றத் தேவையில்லை என்பது வசதி. ஏற்கெனவே பதிவான வண்டியையும் அதற்கு மாற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதி தளர்ந்தது. ஆனால் நீங்கள் சொந்த வீடு கட்டி ஓசூரில் வேர் விட்டவர். ஊர் ஊராக மாற்றலாகிறவருக்குத்தான் அது லாபம்.

அப்பா காருக்கு வருவோம். சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடம் எஃப்.சி. என்று எதுவுமே கிடையாது, புகைச் சான்றிதழ் மட்டும்தான். அடிக்கடி எஃப்.சி. எடுக்கும் கவலையெல்லாம் டாக்ஸி, லாரிக்காரர்களுக்கு. 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதுதான் வண்டியைப் பரிசோதிப்பார்கள். பிரேக், விளக்கு, ஹாரன், டயர், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்து ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். இந்த விதிகள் மத்திய அரசின் விதிகள். சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் எழுத்தில் ஒன்றுதான். மாறுவது ஆய்வாளரின் கெடுபிடியும், பழைய வண்டிக்கு மாநிலம் மேலே வசூலிக்கும் பசுமை வரியும்தான். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும்.

கர்நாடகத்துக்குக் கொண்டுபோகும் யோசனை ஏன் தவறு என்றால், 52-வது விதிப்படி வண்டி எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் படிவம் 25 கொடுக்க வேண்டும். சேலத்தில் இருக்கும் வண்டியைக் கர்நாடகத்தில் இருப்பதாகச் சொன்னால், அது இன்னொரு பொய். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அடுத்த மாதம் தொடங்கிவிடுங்கள். அதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, தேய்ந்த டயரையும் மங்கிய ஹெட்லைட்டையும் மாற்றுவது, மாநிலம் மாறுவதைவிட மலிவு. “15 வருடம் ஆனால் வண்டியை ஓட்டவே கூடாது” என்று அப்பாவை யாராவது பயமுறுத்தினால், அது டெல்லி சுற்றுவட்டாரக் கதை என்று சொல்லுங்கள். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே வந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அந்தப் பிடியை அதே நீதிமன்றம் சற்றுத் தளர்த்தியது. சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த முறை சோதனையில் நிறுத்தினால் சண்டை வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், குடிவந்த தேதிக்கான நகல்கள், வங்கிக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுத்த விண்ணப்பங்களின் ரசீது ஆகியவற்றைக் காட்டுங்கள். “12 மாதத்துக்குள் மாற்றிக்கொண்டிருக்கிறேன், 47-வது பிரிவு” என்று சொல்லுங்கள். அப்படியும் அங்கேயே வரி கட்டச் சொன்னால், எந்தப் பிரிவில், எவ்வளவு என்று சோதனை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீதில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் போட வேண்டும். அந்தக் காகிதத்தோடு என்னிடம் வாருங்கள்.